காடாத் துணியில் ஒரு பேனர்

காதுகுத்தோ கடை திறப்போ, திண்டுக்கல்லில் முதலில் நினைவுக்கு வருவது பிளெக்ஸ்தான். காலையில் சொன்னால் மாலையில் கையில் கிடைக்கும். இரண்டு நாள் விழாவுக்கு அது போதும். சாலையோர இட்லிக் கடைக்கும் நாற்றுப் பண்ணைக்கும் மகளிர் குழுவுக்கும் தேவை வேறு. அவர்களுடைய பலகை வருடக்கணக்கில் வெயிலில் நிற்க வேண்டும்.

பிளெக்ஸ் என்பது பாலியஸ்டர் நூல்வலையின் இருபுறமும் பி.வி.சி. படிந்த விரிப்பு. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அதை வளையச் செய்ய இளக்கி என்ற வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். விலையைக் குறைக்கச் சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்க்கிறார்கள். வெயிலில் இளக்கி மெல்ல வெளியேறுகிறது. புற ஊதாக் கதிர்கள் பி.வி.சி. மூலக்கூறை உடைக்கின்றன. விரிப்பு மொடமொடத்து, மடிப்பில் விரிசல் விடுகிறது. எரித்தாலோ அமில வாயுவும் டையாக்ஸின் நச்சும் கிளம்பும். 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனர்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது.

நமக்கு மாற்று பக்கத்திலேயே உண்டு. வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலைகள், சின்னாளபட்டியில் தறிகள், காந்திகிராமத்தில் கதர் என்று பஞ்சும் நூலும் புழங்கும் மாவட்டம் இது. வெளுக்காத பருத்தித் துணியான காடா, வீட்டிலேயே பேனர் செய்ய ஏற்றது. பருத்தி இழை நனைந்தால் வலுக் குறைவதில்லை. சற்றுக் கூடவே செய்கிறது. அதன் எதிரி பூஞ்சணம். நெசவுக்காகப் பாவில் ஏற்றிய கஞ்சிதான் பூஞ்சணத்துக்குத் தீனி. ஆகவே துணியை ஓர் இரவு ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவைத்துவிட வேண்டும். பிறகு வெளிச்சுவருக்கு அடிக்கும் வெள்ளை எமல்ஷனை இருபுறமும் மெல்லிசாகப் பூசினால் எழுதத் தயார்.

எழுத்துக்கும் அதே எமல்ஷனில் ஸ்டெய்னர் கலந்துகொள்ளலாம். அக்ரிலிக் எமல்ஷன் காய்ந்த பிறகும் துணியோடு வளையும். எனாமலோ ஆக்சிஜனை இழுத்து நாளுக்கு நாள் இறுகுவதால் துணியில் வெடிக்கும். நிறத்திலும் கவனம் வேண்டும். பளிச்சென்ற சிவப்பும் ரோஸும் சீக்கிரம் வெளுக்கும். கரியால் ஆன கறுப்பும் இரும்பு ஆக்சைடான காவியும் வெயிலுக்கு அசைவதில்லை.

எனாமலுக்கு ஏற்ற இடம் தகரம். ஆனால் துத்தநாகம் பூசிய புதுத் தகரத்தில் நேரடியாக அடித்தால் சில மாதங்களில் தோல் தோலாக உரியும். எனாமலின் எண்ணெயும் துத்தநாகமும் வினைபுரிந்து இடையில் சோப்புப் படலம் உண்டாவதுதான் காரணம். முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, துத்தநாகத் தகட்டுக்கென்றே விற்கும் பிரைமரை அடித்தால் இந்தச் சிக்கல் இல்லை. உரச் சாக்கையும் தார்ப்பாயையும் நம்ப வேண்டாம். ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். பரவாமல் உருண்டு நிற்கும். பெயிண்டும் அப்படித்தான், அங்கே பிடிக்காது.

அடுத்தது காற்று. பத்துக்கு ஆறு அடி பேனர் மேல் மணிக்கு 36 கி.மீ. காற்று நேராக மோதினால் ஏறக்குறைய 34 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு, அதாவது 136 கிலோ. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து இரு சக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். எந்தப் பொருளில் செய்தாலும் சாலைக்கு மேலேயோ நடுத்திட்டிலோ கட்டக் கூடாது.

துணியின் நான்கு ஓரங்களையும் மடித்துத் தைத்து, உள்ளே கயிறு கோத்து, அந்தக் கயிற்றைச் சவுக்குக் கம்பில் கட்டுங்கள். இழுவை ஓரம் முழுக்கப் பரவும், மூலை கிழியாது. திசையும் முக்கியம். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வருவதால், வடக்குப் பார்த்த பேனரில் அது பக்கவாட்டில் கடந்துபோகும். திண்டுக்கல் 10.4 பாகை வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் நடு முதல் ஆகஸ்ட் கடைசி வரைதான் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற எட்டு மாதமும் வடக்கு முகத்தில் நேர்வெயில் குறைவு, நிறமும் நீடிக்கும்.

பிளெக்ஸை விடக் காடா பேனருக்கு முதல் நாள் செலவும் உழைப்பும் கூடலாம். ஆனால் விலைப்பட்டியல் மாறினால் வெள்ளை அடித்து மேலேயே எழுதிக்கொள்ளலாம். நம் ஊர்களில் தூரிகை பிடிக்கத் தெரிந்த ஓவியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த பலகைக்கு முதலில் அவர்களிடம் போவோம்.