அந்தரத்தில் பிரேக் எதற்கு?



மண்மேட்டில் வேகமாக ஏறிய பைக் ஒன்று தரையை விட்டு எழும்பிவிட்டது. இரண்டு சக்கரங்களும் அந்தரத்தில். அந்த நேரம் பார்த்து ஓட்டுபவர் பின்பிரேக்கை மிதிக்கிறார். தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிரேக் போட்டு என்ன பயன்? வேகம் குறையப்போவதில்லை. ஆனால் பைக்கின் முன்பக்கம் கீழே சாய்கிறது! இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போமா?

இந்தக் காட்சியை மோட்டோகிராஸ் பந்தயத்தில் பார்க்கலாம். மண், சேறு, மணல், மேடு, பள்ளம் நிறைந்த பாதையில் நடக்கும் பைக் பந்தயம் இது. அமெரிக்காவில் இதற்கென்று ஒரு தேசிய சாம்பியன்ஷிப் தொடர் 1972 முதல் நடந்துவருகிறது. மே மாதக் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் வரை ஊர் ஊராகப் போகும். 2023-இல் 11 ஊர்களில் நடந்தது. ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பந்தயங்கள். ஒரு பந்தயம் என்றால் 30 நிமிட ஓட்டம், அதன்பின் மேலும் இரண்டு சுற்றுகள். வென்றவருக்கு 25 புள்ளிகள். அடுத்தடுத்து வருபவர்களுக்குக் குறைந்துகொண்டே போகும். எல்லா ஊர்களிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டி, அதிகம் பெற்றவரைச் சாம்பியனாக அறிவிப்பார்கள்.

பந்தயம் தொடங்கும் விதமே அழகு. 40 பைக்குகள் ஒரே வரிசையில் நிற்கும். ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் எதிரே ஓர் உலோகத் தடுப்பு. அது விழுந்தால்தான் கிளம்பலாம். அந்தத் தடுப்பு ஓட்டுபவரை நோக்கிச் சாய்ந்து விழும்படி அமைத்திருக்கிறார்கள். அவசரப்பட்டு முன்னால் பாய்ந்தவரின் சக்கரம் தடுப்பில் முட்டிக்கொள்ளும், மற்றவர்கள் போய்விடுவார்கள். முந்திக்கொண்டதற்கான தண்டனையைத் தடுப்பே கொடுத்துவிடுகிறது!

இப்போது தாவலுக்கு வருவோம். மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ரெட்பட் பந்தயத் திடலில் புகழ்பெற்ற ஒரு பெரிய தாவல் இருக்கிறது. மைக் லரோக்கோ என்ற வீரரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். நீளம் சுமார் 120 அடி, அதாவது ஏறக்குறைய 36 மீட்டர். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் முன்னே போகும் பைக் இதைக் கடக்க எத்தனை விநாடி ஆகும்? 36-ஐ 20-ஆல் வகுத்துப் பாருங்கள். 1.8 விநாடி!

அந்த நேரம் முழுவதும் பைக் எந்தப் பாதையில் போகும் என்பதைத் தரையை விட்டு எழும்பும் கணத்தில் இருந்த வேகமும் திசையுமே தீர்மானித்துவிடுகின்றன. மேலே போனபின் எவ்வளவு ஆக்சிலரேட்டரை முறுக்கினாலும் ஓர் அடிகூடத் தூரம் கூடாது. பிடித்துத் தள்ளத் தரை இல்லையே! ஆனால் ஒன்றை மட்டும் மாற்றலாம். அது பைக்கின் சாய்வு.

அதற்கு உதவுவது கோண உந்தம். சுழலும் எந்தப் பொருளுக்கும் இது உண்டு. வெளியிலிருந்து யாரும் திருகாதவரை, ஓர் அமைப்பின் மொத்தக் கோண உந்தம் மாறாது. அந்தரத்தில் இருக்கும் பைக்கையும் அதன் சக்கரங்களையும் ஓட்டுபவரையும் சேர்த்து ஓர் அமைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரம் முன்னோக்கி வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கிறது. பிரேக் அதை நிறுத்திவிட்டால், சக்கரத்திடம் இருந்த கோண உந்தம் எங்கே போகும்? அது தொலைந்துபோக வழியில்லை. மொத்தப் பைக்கும் அதை வாங்கிக்கொண்டு முன்னோக்கிச் சுழலத் தொடங்கும். அதனால்தான் முன்பக்கம் இறங்குகிறது.

முன்பக்கம் அளவுக்கு மீறி இறங்கிவிட்டால்? ஆக்சிலரேட்டரை முறுக்குவார். பின்சக்கரம் இன்னும் வேகமாக முன்னோக்கிச் சுழலும். அதற்கு ஈடாகப் பைக்கின் உடல் பின்னோக்கித் திரும்பும், முன்பக்கம் உயரும். பிரேக் மிதிக்கும்போது மறக்காமல் கிளட்சையும் பிடித்துக்கொள்வார். இல்லாவிட்டால் நின்றுபோன சக்கரத்தோடு இன்ஜினும் அணைந்துவிடும். இவ்வளவும் இரண்டு விநாடிக்குள்!

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தடையில்லாமல் சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். கனமான புத்தகம் ஒன்றை இரு கைகளாலும் முன்னே நீட்டிப் பிடித்து, சட்டென்று வலப்பக்கம் வீசித் திருப்புங்கள், கையை விடாமல். நாற்காலி இடப்பக்கம் திரும்பும். கை நின்றதும் நாற்காலியும் நின்றுவிடும். வலப்பக்கம் போன புத்தகம்தான் வேகமெடுத்த சக்கரம். நாற்காலிதான் பைக்கின் உடல்.

சரி, பறந்தவர் இறங்க வேண்டுமே! இறங்கும் இடத்தைச் சரிவாக அமைத்திருப்பார்கள். பைக் கீழே வரும் திசைக்கும் சரிவுக்கும் அதிக வேறுபாடு இல்லாததால் அடி குறையும். மீதி அதிர்ச்சியை ஷாக் அப்சார்பர்கள் வாங்கிக்கொள்ளும். மோட்டோகிராஸ் பைக்கின் சக்கரங்கள் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் வரை மேலும் கீழும் நகரும். வெறும் சுருள்வில் மட்டும் இருந்தால் பைக் மறுபடி மறுபடி எம்பிக் குதிக்கும். உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கியடித்துப் பாயும்போது, இறங்கிய வேகத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது.

ஊர் மாறினால் சோதனையும் மாறும். கொலராடோவில் உள்ள தண்டர் வேலி திடல் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு முறை காற்றை இழுக்கும்போதும் இன்ஜினுக்குக் குறைவான ஆக்சிஜனே கிடைக்கும், எரியும் பெட்ரோலும் குறையும், வலுவும் குறையும். ஓட்டுபவருக்கும் மூச்சு வாங்கும். மாசசூசெட்ஸின் சவுத்விக் திடலிலோ முழுக்க மணல். வேகம் குறைந்தால் முன்சக்கரம் புதைந்துவிடும். எனவே உடலைப் பின்னுக்குச் சாய்த்து, முன்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்து, ஆக்சிலரேட்டரை விடாமல் ஓட்டுவார்கள்.

இப்படிப்பட்ட 11 ஊர்களிலும் ஒருவரே எல்லாப் பந்தயங்களையும் வெல்ல முடியுமா? 2023-இல் ஆஸ்திரேலிய இளைஞர் ஜெட் லாரன்ஸ் வென்றார். 450 சிசி இன்ஜின் கொண்ட பைக்குகளுக்கான பிரிவில் அவருக்கு அதுதான் முதல் தொடர். 22 பந்தயங்கள், 22 வெற்றிகள்! தொடர் முடிவதற்குள்தான் அவருக்கு 20 வயது நிறைந்தது. அவருக்கு முன்பு இப்படி ஒரு பந்தயம்கூடத் தோற்காமல் தொடரை முடித்தவர்கள் இருவரே: ரிக்கி கார்மைக்கேல் 2002, 2004 ஆகிய இரு ஆண்டுகளில்; ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 2008-இல்.

ஆண்டுக்கணக்கான பயிற்சியும், தலைக்கவசம் முதல் முழங்கால் காப்பு வரையிலான பாதுகாப்பும், வேறு வண்டிகள் வராத தனித்திடலும் இருப்பதால்தான் இவர்களால் இதைச் செய்ய முடிகிறது. தெருவில் யாரும் முயலவே கூடாது. நீங்கள் நாற்காலிச் சோதனையைச் செய்யுங்கள். புத்தகம் கனமாக இருந்தால் நாற்காலி அதிகம் திரும்புகிறதா, லேசாக இருந்தால் என்ன ஆகிறது என்று குறித்துவைத்து, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.