பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

மைதானத்து மனிதர்கள் – 14

லிவர்பூல் கால்பந்து அணியின் ரசிகர்களைப் பற்றி எழுதுவதென்றால் ஹெய்சலில்தான் தொடங்க வேண்டும். அவர்கள்மீது பிரியம் கொண்டவர்கள் பலர் அதைத் தாண்டி நேராக 1989-க்குப் போய்விடுகிறார்கள். இறந்துபோன இத்தாலியர்களுக்கு அது நியாயமாகாது.

1985 மே 29. பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். லிவர்பூலுக்கு எதிரே இத்தாலியின் யுவென்டஸ். லிவர்பூல் ரசிகர்கள் நின்ற இடத்தை ஒட்டியே பொதுப் பார்வையாளர்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் டிக்கெட் வாங்கி அங்கே வந்து நின்றவர்களில் பெரும்பாலோர் இத்தாலியர்கள். நடுவில் இருந்தது வெறும் கம்பிவலை. ஆட்டம் தொடங்கும் முன்பே லிவர்பூல் ரசிகர்கள் கும்பலாகப் பாய்ந்து அதைச் சாய்த்துவிட்டார்கள். பயந்து ஓடியவர்கள் மறுகோடியில் நெரிபட்டார்கள். சுவர் இடிந்து விழுந்தது. 39 பேர் இறந்தார்கள். மைதானம் பாழடைந்து கிடந்தது, காவல் ஏற்பாடு படுமோசம் என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் பாய்ந்தவர்கள் லிவர்பூல் ரசிகர்கள். அவர்களில் 14 பேரைப் பெல்ஜிய நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. இங்கிலாந்து அணிகள் 5 ஆண்டுகள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. லிவர்பூல் 6 ஆண்டுகள்.

இரு அணிகளும் அதன்பின் முதன்முறையாக மோதியது 2005 ஏப்ரலில், லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில். 'கோப்' என்றழைக்கப்படும் ரசிகர் மாடம் முழுவதும் அட்டைகளைத் தூக்கிப் பிடித்து, 'நட்பு' என்று இத்தாலிய மொழியில் எழுதிக் காட்டியது. யுவென்டஸ் ரசிகர்களில் சிலர் கைதட்டினார்கள். சிலர் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். முதுகைக் காட்டியவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

ஆகவே அந்தக் கெட்ட பெயரில் ஒரு பங்கு அவர்களே தேடிக்கொண்டது. நான் சொல்ல வருவது அந்தப் பெயர் அதற்குப் பிறகு செய்த வேலையைப் பற்றி. எண்பதுகளில் இங்கிலாந்தின் கால்பந்து ரசிகன் என்றாலே குடிகாரன், ரவுடி என்றுதான் அரசும் காவல்துறையும் பார்த்தன. ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்காதபடி, நின்று பார்க்கும் படிகளின் முன்னால் உயரமான இரும்பு வேலி போட்டிருந்தார்கள். பக்கவாட்டிலும் வேலியிட்டு அந்தப் படிகளைப் பட்டிகளாகப் பிரித்திருந்தார்கள்.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானம். எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டும். லெப்பிங்ஸ் லேன் பக்கம் நின்று பார்க்க டிக்கெட் வைத்திருந்த லிவர்பூல் ரசிகர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். அவர்கள் உள்ளே போக இருந்தவை ஏழே ஏழு சுழல் வாயில்கள். இதே பக்கத்தில் 1981 அரையிறுதியின்போதும் நெரிசல் ஏற்பட்டு 38 பேர் காயமடைந்திருந்தார்கள். யாரும் பாடம் கற்கவில்லை.

வெளியே நெரிசல் முற்றியது. பிற்பகல் 2.52-க்கு 'சி' கதவைத் திறக்க உத்தரவிட்டார் காவல் பொறுப்பிலிருந்த டேவிட் டக்கன்ஃபீல்ட். அவர் அந்தப் பதவிக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. கதவுக்கு நேர் எதிரே ஒரு சுரங்க வழி, உள்ளே சரிந்து இறங்கும் பாதை. அது போய் முடிவது ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப்பட்டிகள் இரண்டில். சுரங்க வாயை அடைத்து, காலியாகக் கிடந்த ஓரப்பட்டிகளுக்குக் கூட்டத்தைத் திருப்பிவிட அங்கே ஒரு காவலர்கூட இல்லை. பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது. முன்னால் இருந்தவர்களுக்கு மூச்சு விட இடமில்லை.

சிலர் உயிர்பிழைக்க வேலிமேல் ஏறினார்கள். காவலர்கள் அவர்களை மீண்டும் உள்ளே தள்ளினார்கள். கலாட்டா செய்ய இறங்குகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். மூன்று மணி ஆறு நிமிடத்துக்கு ஆட்டம் நின்ற பிறகும் காவலர்கள் மைதானத்தின் குறுக்கே வரிசை கட்டி நின்றார்கள், லிவர்பூல் ரசிகர்கள் எதிர்ப்பக்கம் போய் அடிதடியில் இறங்கிவிடக் கூடாதென்று. அந்த நேரத்தில் ரசிகர்கள் செய்துகொண்டிருந்ததோ வேறு. விளம்பரப் பலகைகளைப் பிய்த்து, அவற்றில் அடிபட்டவர்களைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். கண்ணெதிரே ஆட்கள் செத்துக்கொண்டிருக்கையில், வராத கலவரத்துக்காகக் காவல் காத்திருக்கிறார்கள். இந்தச் சம்பவத்தில் என்னை அதிகம் உலுக்குவது அந்த வரிசைதான்.

97 உயிர்கள் போயின. கடைசியாக இறந்தவர் அன்றைய காயங்களோடு 32 ஆண்டுகள் வாழ்ந்து 2021-இல் கண்மூடினார். மிகச் சிறியவனுக்கு வயது 10.

பழி போடும் வேலை பிணங்கள் ஆறுவதற்குள் ஆரம்பித்துவிட்டது. ரசிகர்கள்தான் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று டக்கன்ஃபீல்ட் கால்பந்துச் சங்க அதிகாரியிடம் சொன்னார். 26 ஆண்டுகள் கழித்து, 2015-இல்தான், அது பொய் என்று விசாரணையில் ஒப்புக்கொண்டார். மைதானத்தின் உடற்பயிற்சிக் கூடம் அன்றிரவு பிணவறையானது. பிள்ளைகளைத் தேடி வந்த பெற்றோர் சுவரில் ஒட்டியிருந்த புகைப்படங்களில் முகம் தேட வேண்டியிருந்தது. அடையாளம் காட்டியவர்களை உட்கார வைத்து, இறந்தவர் எவ்வளவு குடித்திருந்தார் என்று கேட்டார்கள். இறந்தவர்களின் உடல்களில் ரத்தம் எடுத்து மது இருக்கிறதா என்று சோதித்தார்கள், குழந்தைகளையும் விடவில்லை. மது தென்பட்டவர்களின் பெயர்களைக் காவல்துறைக் குற்றப் பதிவேட்டில் தேடிப் பார்த்தார்கள்.

நான்காம் நாள் 'தி சன்' பத்திரிகை 'உண்மை' என்ற தலைப்போடு முதல் பக்கச் செய்தி வெளியிட்டது. ரசிகர்கள் பிணங்களின் பையைத் துழாவினார்கள், காவலர்கள்மேல் சிறுநீர் கழித்தார்கள் என்றது அந்தச் செய்தி. எல்லாம் பொய். அதே ஆண்டு ஆகஸ்டிலேயே நீதிபதி டெய்லர், காவல் கட்டுப்பாடு குலைந்ததுதான் முதன்மைக் காரணம் என்று எழுதிவிட்டார். ஆனாலும் பத்திரிகையின் பொய் ஊரெல்லாம் சுற்றி வந்தது, நீதிபதியின் அறிக்கை அலமாரியில் இருந்தது. 2012-இல் ஒரு சுயேச்சைக் குழு ஆவணங்களைப் புரட்டியபோது, காவலர்களின் 116 வாக்குமூலங்களில் காவல்துறைக்குப் பாதகமான வரிகள் நீக்கப்பட்டோ திருத்தப்பட்டோ இருந்தது தெரிந்தது. 2016-இல் மரண விசாரணை ஜூரி, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும் ரசிகர்களின் நடத்தை அதற்குக் காரணமல்ல என்றும் தீர்ப்புச் சொன்னது. ஆனால் டக்கன்ஃபீல்ட் 2019-இல் குற்ற வழக்கில் விடுதலையானார். லிவர்பூலில் பல கடைகள் இன்றும் 'சன்' பத்திரிகையை விற்பதில்லை. அந்த ஊர்க்காரர்களின் பிடிவாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன்.

இத்தனைக்குப் பிறகும் எதிரணி ரசிகர்களில் சிலர் ஹில்ஸ்பரோ சாவுகளைக் கேலி செய்து பாடுகிறார்கள். லிவர்பூல் கூட்டத்திலும் இந்த அழுக்கு இருந்திருக்கிறது. 1958 மியூனிக் விமான விபத்தில் இறந்த மான்செஸ்டர் யுனைடெட் வீரர்களைப் பழித்து அங்கிருந்தும் பாட்டு கிளம்பியிருக்கிறது. இரண்டுமே அருவருப்பானவை.

2022 மே 28, பாரீஸ். ரியல் மாட்ரிட்டோடு சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். ரயில் வேலைநிறுத்தத்தால் ஒரே பாதையில் ஆயிரக்கணக்கான லிவர்பூல் ரசிகர்கள் திருப்பிவிடப்பட்டார்கள். டிக்கெட் சோதனைச் சாவடி அருகே காவல் வண்டிகளை நிறுத்தி வழியைக் குறுக்கியிருந்தார்கள். வாயில்களை மூடினார்கள். வரிசையில் நின்றவர்கள்மேல், சிறுவர்கள் இருந்த கூட்டத்தின்மேலும், கண்ணீர்ப்புகை வீசினார்கள். ஆட்டம் 36 நிமிடம் தள்ளிப்போனது. ரசிகர்கள் தாமதமாக வந்ததே காரணம் என்று மைதானத் திரையில் அறிவிப்பு ஓடியது, அந்த ரசிகர்கள் மணிக்கணக்காக வெளியே நின்றுகொண்டிருக்கையில். பிரான்ஸின் அன்றைய உள்துறை அமைச்சர் ஜெரால்ட் டார்மனன், முப்பது நாற்பதாயிரம் பேர் போலி டிக்கெட்டோடோ டிக்கெட்டே இல்லாமலோ வந்தார்கள் என்றார். வாயில்களில் பிடிபட்ட போலிகள் சுமார் 2,600 மட்டுமே. கண்காணிப்புக் கேமராப் பதிவுகளை உரிய நேரத்தில் யாரும் கேட்டு வாங்காததால் அவை ஏழே நாளில் அழிந்துவிட்டன.

ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பே நியமித்த குழு 2023 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. முதன்மைப் பொறுப்பு கூட்டமைப்பினுடையதுதான் என்றது. ஹில்ஸ்பரோவை ரவுடிகளின் கதையாகத் தப்பாக நினைவில் வைத்துக்கொண்டே பிரெஞ்சுக் காவல்துறை ஏற்பாடுகளைச் செய்தது என்றும் சொன்னது. பொய்யென்று தீர்ப்பாகி ஆறு ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் பழியை வைத்தே ஒரு அரசு திட்டம் போட்டிருக்கிறது. அன்று யாரும் சாகாதது ஆச்சரியம் என்று குறிப்பிட்ட அந்தக் குழு, அதற்கான பெருமையைக் கூட்டத்தில் நின்றவர்களுக்கே கொடுத்தது. அவர்களில் ஹில்ஸ்பரோவில் பிழைத்தவர்களும் இருந்தார்கள். தள்ளாமல், முண்டாமல், நின்ற இடத்தில் நிற்கக் கற்றிருந்தார்கள்.

(தொடரும்)