டி.சி. கேட்டு எழுதியது யார்?

பொதுத்தேர்வு எழுதுவோரின் பெயர்ப்பட்டியலைப் பள்ளிகள் முடிக்கும் நேரம் இது. அண்ணாமலை நகர், சிதம்பரம் பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே கேள்விதான்: கர்ப்பமான மகளுக்கு டி.சி. வாங்கியாயிற்று, இனி அவள் பரீட்சை எழுத முடியுமா?

முடியும். ஆனால் முதலில் அந்த டி.சி.யைப் பற்றிப் பேச வேண்டும்.

மாற்றுச் சான்றிதழில், பெற்றோர் அல்லது பாதுகாவலர் விண்ணப்பித்த நாள் என்று ஒரு வரி உண்டு. ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று வெள்ளைத்தாளில் அப்பா கையெழுத்துப் போட்டதும் அந்த வரி நிரம்பிவிடும். அதன்பின் எல்லாம் பெற்றோர் விருப்பம். எழுதச் சொன்னது யார் என்பதற்கு அந்தத் தாளில் இடமில்லை. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் அவள் பெயர் பள்ளியைவிட்டு ‘காமன் பூல்’ என்ற பொதுத் தொகுப்புக்குப் போகும். வேறு பள்ளி சேர்த்துக்கொள்ளும்வரை அங்கேதான். பள்ளியின் தேர்வுப் பட்டியலிலும் இருக்க மாட்டாள். இதற்குப் பெயர் இடமாற்றம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவள் எங்கும் மாறிப்போகவில்லை, வீட்டில் இருக்கிறாள்.

சட்டம் தடுக்காதா? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டமோ 18 வரை அவளைக் குழந்தை என்கிறது. வழக்குப் பதியும்போது குழந்தை. வகுப்பில் இடம் கேட்கும்போது அந்தக் காவல் இல்லை. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் இந்த இடைவெளியில்தான் வருகின்றன.

குழந்தைத் திருமணம் குறைந்துவிட்டது என்று அதிகாரிகள் சொல்வதும் பாதிக் கதைதான். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15–19 வயதில் தாயானோர், கர்ப்பமானோர் பங்கு 2015-16இல் 5 சதவீதம், 2019-21இல் 6.3.

இதோடு சேர்ந்து எழும் மற்ற சந்தேகங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வருமா? 18 வயதுக்குக் கீழ் என்றால் மருத்துவர் தகவல் சொல்லியே ஆக வேண்டும்.

பெயர் வெளியே வருமா? கருக்கலைப்பு என்றால், சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29இல் சொன்னது இது.

கல்யாணம் செய்துவைத்தால் போக்சோ வழக்கு போய்விடுமா? போகாது.

தனித்தேர்வராக எழுதலாமா? எழுதலாம், பத்தாம் வகுப்பு என்றால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கும் பதிய வேண்டும்.

டி.சி. இன்னும் வாங்காதவர்கள் அந்த வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வற்புறுத்தினால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். வாங்கிவிட்டவர்கள், பட்டியல் முடியும்முன் அதே பள்ளியில் மறுசேர்க்கை கேட்டு, தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள்.