பேரனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்

2019-ல் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருந்தேன். நியூ ஜெர்ஸியில் எடிசன் என்ற ஊர். நம்மவர்கள் நிறைய. பேரன் பிறந்து, தொட்டிலிட்டு, குப்புற விழும்வரை கூடவே இருந்தாயிற்று. எனக்குக் கொடுத்த ஆறு மாதம் முடியப் போகிறது. மகளுக்கும் லீவு தீர்ந்துவிட்டது. குழந்தையை யாரிடம் விடுவது? வீட்டில் ராப்பகல் அதே பேச்சுதான்.

எதிர் ஃப்ளாட்டில் கோயமுத்தூர்ப் பெண் ஒருத்தி. எம்.எஸ்ஸி. படித்தவள். கணவன் வேலைக்குப் போனால் பகலெல்லாம் தனிமைதான். "நான் பார்த்துக்கறேனுங்கம்மா. மாசம் ஏதோ கொடுங்க, கைச்செலவுக்கு ஆகும்" என்றாள். எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. தமிழ் பேசுவாள், ரசம் சாதம் பிசைந்து ஊட்டுவாள். வேறென்ன வேண்டும்?

மகள்தான் தலையாட்டவில்லை.

"அம்மா, அவ எச்-4 விசாவுல புருஷனோட வந்திருக்கா. சம்பளத்துக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது."

"ரொக்கமா கையில கொடுத்தா யாருக்குடி தெரியப் போகுது?"

"தெரிஞ்சா எங்களுக்கு அபராதம். அவளுக்கு விசாவுக்கே ஆபத்து. நாளைக்கு க்ரீன் கார்டு கேட்கறப்போ இதுவே குறுக்கே நிற்கும்."

எனக்குச் சுருக்கென்றது.

பிறகுதான் விவரம் சொன்னாள். அங்கே 1986-ல் வந்த சட்டப்படி, யாரைப் புதிதாக வேலைக்கு வைத்தாலும், அவருக்கு அந்நாட்டில் வேலை செய்ய உரிமை உண்டா என்று பார்த்தாக வேண்டும். அதற்கு 'ஐ-9' என்று ஒரு ஃபாரம். பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமில்லை. குழந்தையைப் பார்க்க தினமும் வீட்டுக்கு வரும்படி ஆள் வைக்கிற தாய்க்கும்தான். என்றைக்காவது ஒரு சாயங்காலம் துணைக்கு வருகிறவர்களுக்கு வேண்டாமாம். 1993-ல் ஜோயி பேர்ட் என்ற பெண் வக்கீலை அதிபர் கிளின்டன் அட்டர்னி ஜெனரல் ஆக்கப் பார்த்தார். அனுமதியில்லாத ஒரு தம்பதியை அந்த அம்மாள் வீட்டு வேலைக்கு வைத்திருந்தது வெளியே வந்து, பதவி கைநழுவிப் போயிற்று. அம்மாடி!

கடைசியில் விசாரித்துக் கிடைத்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி. ஸ்பானிஷ் வாடை அடிக்கும் ஆங்கிலம். "பாஸ்போர்ட்டைக் கேளுடி!" என்று மகளின் காதைக் கடித்தேன். "இதைத்தான் காட்டணும்னு கேட்கக் கூடாதும்மா, அதுவும் தப்பு" என்றாள். பட்டியலில் உள்ளதில் எதைக் காட்டுவது என்பது வருகிறவர் இஷ்டம். பாஸ்போர்ட் அல்லது க்ரீன் கார்டு என்றால் ஒன்றே போதும். இல்லாவிட்டால் டிரைவிங் லைசென்ஸும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையும். அவர் இந்த இரண்டையும் காட்டி, முதல் நாளே தன் பகுதியை நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். அசலைப் பார்த்து மகள் தன் பகுதியை எழுதினாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று வேலை நாட்களுக்குள் அதை முடிக்க வேண்டுமாம். எங்கும் அனுப்ப வேண்டாம்; வீட்டிலேயே பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, அவர் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். அங்கே பிறந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்களேதான்! பேச்சை வைத்துச் சந்தேகப்பட்டேனே என்று வெட்கமாகிவிட்டது. குடிமக்களுக்கும் அதே ஃபாரம்தான்.

கோயமுத்தூர்ப் பெண்ணிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முகம் வாடிவிட்டாள். கணவனின் க்ரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டினால், மனைவியும் வேலை அனுமதி அட்டை கேட்கலாம் என்று 2015-ல் விதி வந்திருந்தது. அதற்குத்தான் காத்திருந்தாள்.

"அதுவரைக்கும் கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருக்கணுங்கம்மா" என்றாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஊருக்குக் கிளம்பிய அன்று, மகளுக்கென்று கிளறி வைத்திருந்த புளிக்காய்ச்சலில் பாதியை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.