போன் வீட்டுக்கு வரும் நேரம்

மலேசியாவில் பெடாஸ் பக்கத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவன் நான். மாணவன் பையில் கைப்பேசி இருந்தால் பறித்து வைத்து, பெற்றோரை வரவழைத்துக் கொடுப்போம். 2020 மார்ச் 18-இல் கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பறித்து வைத்த அதே கைப்பேசிதான் அதன்பின் வகுப்பறை. "ஏன் ஐயா, நேத்துவரைக்கும் தொடாதன்னீங்க, இப்ப நாள் முழுக்க வெச்சிருக்கச் சொல்றீங்களே?" என்று ஒரு பாட்டி கேட்டார். சிரித்து மழுப்பினேன்.

அந்த ஏப்ரலில் கல்வி அமைச்சு வெளியிட்ட கணக்கில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. மடிக்கணினி இருந்தவர்கள் 9 விழுக்காடுதான். கருவி இருந்த மற்ற வீடுகளில் பெரும்பாலும் கைப்பேசி. ஆனால் அது எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும்? எங்களைப் படுத்தியது இந்தக் கேள்விதான்.

தோட்டத்து வீடுகள் பலவற்றில் ஒரே போன். மே மாதம் தொழிற்சாலைகள் திறந்ததும் அது அம்மாவோடு செனவாங்குக்கு வேலைக்குப் போய்விடும். காலை எட்டு மணிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) வணக்கம் போட்டால் 24 பேரில் ஏழெட்டுப் பேர்தான் பதில் போடுவார்கள். அப்போது அரசு ஏற்பாட்டில் தினமும் 1 ஜிபி டேட்டா இலவசம். நல்ல காரியம்தான். ஆனால் காலை 8 முதல் மாலை 6 வரைதான். கம்பெனி பஸ் எங்கள் முச்சந்திக்கு வரவே ஆறரை ஆகும்.

இரவு எட்டரைக்கு மேல் நோட்டுப் படங்கள் வந்து விழும். பக்கத்தின் மேல் விளக்கு நிழல், ஓரத்தில் யாருடைய கட்டைவிரலோ. ஒரு சிறுமி வாசிப்பைக் குரல்பதிவாக அனுப்புவாள். தகரக் கூரையில் மழை கொட்டும்; நடுவில் "டேய், டிவிய கொறடா!" என்று தம்பிக்கு ஓர் அதட்டல், பிறகு விட்ட இடத்திலிருந்து வாசிப்பு. அந்தப் பதிவுகளை இன்னும் அழிக்கவில்லை.

நேரலை வகுப்பைக் கைவிட்டேன். காணொளி டேட்டாவை விழுங்கும். மூன்று நிமிடக் குரல் விளக்கம் போதும். போனே இல்லாத நான்கு வீடுகளுக்குப் பயிற்சித்தாள் அச்சடித்து மளிகைக் கடையில் வைத்தேன். வெங்காயம் வாங்க வருகிறவர்கள் எடுத்துப்போனார்கள். ஜூனில் கல்வி அமைச்சின் டெலிமா இணையத் தளம் வந்தது. பாடங்கள் நிறைய, கடவுச்சொல்லை மறந்த பிள்ளைகளும் நிறைய. 2021 வரவு செலவுத் திட்டத்தில் 500 பள்ளிகளுக்கு 150,000 மடிக்கணினிகள் அறிவித்தார்கள்.

பள்ளிகள் திறந்த பிறகும், வீட்டுப்பாடம் இன்றும் புலனத்தில் போகிறது. தலைமையாசிரியர்களே, ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோர் நிரப்பும் பாரத்தில் ஒரு வரி சேருங்கள்: உங்கள் வீட்டுப் போன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்?