அம்மாவுக்கு அரைக் கிலோ, நமக்கு அறுபது கிலோ

மாசியில் டான் பக் ரோட்டை ஒட்டிய தெருக்கள் எல்லாம் ஏற்றமும் இறக்கமும்தான். ஜூன், ஜூலை மழையில் பின்பக்க டெக் பாசி பிடித்து வழுக்கும். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் அம்மா துணி எடுக்க அதில்தான் இறங்குகிறார். "பார்த்து வாங்கம்மா" என்று கிச்சனிலிருந்து குரல் கொடுப்போம். அதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது.

நமக்கு மட்டும் ஜிம் மெம்பர்ஷிப் இருக்கிறது. (பாதி வாரம் போவதில்லை, அது வேற கதை.) அம்மாவுக்கு நாம் சொல்வது ஒன்றுதான்: "தினமும் நடங்க." நடை நல்லதுதான். ஆனால் தடுமாறும்போது உடம்பைத் தாங்கிப் பிடிப்பது தொடையும் இடுப்பும். அந்தப் பலம் நடையால் மட்டும் வராது.

இதற்கான வழி இந்த நாட்டிலேயே உருவானது. டனீடினில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் ஜான் கேம்ப்பெல், கிளேர் ராபர்ட்சன் குழு 1990களில் ஒரு பயிற்சித் திட்டத்தைச் சோதித்தது. 1997இல் வெளியான முதல் ஆய்வில் கலந்துகொண்ட பெண்கள் எல்லோரும் 80 வயதைத் தாண்டியவர்கள். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுத்தார். பிறகு நடந்த ஆய்வுகளையும் சேர்த்து, மொத்தம் நான்கு ஆய்வுகளில் விழுவது சுமார் 35 சதவீதம் குறைந்தது. இன்று பல நாடுகளில் 'ஒட்டாகோ' என்றாலே இந்தப் பயிற்சிதான்.

அப்படி என்ன செய்கிறார்கள்? கணுக்காலில் சின்ன வெயிட் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டுவது. நின்றபடி காலைப் பின்னால் மடக்குவது, பக்கவாட்டில் தூக்குவது. குதிகாலைத் தூக்கி நிற்பது. கூடவே ஒற்றைக் காலில் நிற்பது போன்ற பேலன்ஸ் பயிற்சி. வாரம் மூன்று நாள், அரை மணி நேரம், நடுவில் ஓய்வு நாள். நடை தனியாக வாரம் இரண்டு தடவை. பத்துப் பத்தாக இரண்டு செட் சுலபமாக வந்துவிட்டால் வெயிட்டைக் கூட்ட வேண்டும். அரைக் கிலோவில் ஆரம்பித்து அரைக் கிலோவிலேயே ஒரு வருஷம் நின்றால் பலன் இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது நமக்கும் பொருந்தும். மாறுவது கணக்குதான். சதை ஏற வேண்டுமா? ஒரு செட்டுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை, கடைசி இரண்டு திணற வேண்டும். வெறும் பலம் வேண்டுமா? அதிக வெயிட், ஐந்துக்குள், நடுவில் மூன்று நிமிஷம் ஓய்வு. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் வேலூர் சதீஷ் சிவலிங்கம் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினாரே, அது ஒரே ஒரு தடவை தூக்குவதற்கான பயிற்சி. அந்த வீடியோவைப் பார்த்து நாம் திட்டம் போடக் கூடாது. நம்மில் பலருக்கு உண்மையான கவலை சுகர். அதே எடையுள்ள வெள்ளைக்காரரைவிட நம் ஆட்களுக்குச் சதை குறைவு, கொழுப்பு அதிகம். சாப்பிட்ட சோற்றின் சர்க்கரையைப் பெரும்பாலும் வாங்கி வைத்துக்கொள்வது சதைதான். அதனால் பைசெப்ஸை விட்டுவிட்டுத் தொடை, முதுகு, மார்பு என்று பெரிய தசைகளுக்கு வாரம் இரண்டு நாள் ஒதுக்குங்கள். உக்கி, தண்டால் போதும், ஆரம்பத்துக்கு.

பிள்ளைகள் வெயிட் தூக்கினால் வளர மாட்டார்கள் என்பது பழைய பயம். சொல்லிக் கொடுக்க ஆள் பக்கத்தில் இருந்தால் ஆபத்தில்லை.

அம்மாவுக்கு இதயப் பிரச்சினை, தலைசுற்றல், இன்சுலின் ஏதாவது இருந்தால் முதலில் டாக்டரிடமோ பிசியோவிடமோ கேளுங்கள். "இந்த வயசுல நான் என்ன பயில்வானா?" என்று அவர் கேட்பார். வாக்குவாதம் வேண்டாம். கிச்சன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்களும் பக்கத்தில் நின்று குதிகாலைத் தூக்குங்கள். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் இரண்டு செட் முடிந்துவிடும்.