ஒரு மாதம் பட்டினி கிடந்து வாய்க்குள் குஞ்சு வளர்க்கும் "அப்பா" மீன்!

கண்ணாடித் தொட்டியில் அதிசயப் பிரசவம். கொஞ்சம் அசந்தால் மர்மச் சாவு

காளையார்கோவில்,-

கண்மாய் வற்றி மீன்பிடி நடக்கும்போது ஊத்தாவும் கச்சாவும் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்குகிறவர்களுக்கு ஒரு காட்சி புதிதல்ல. ஜிலேபிக் கெண்டையைக் கையில் தூக்கினால் அதன் வாயிலிருந்து பொடிக் குஞ்சுகள் பொலபொலவென்று உதிரும்.

"அட, பெத்த குஞ்சையே முழுங்கிருச்சு பாருண்ணே!" என்று அதன் மேல் பழி போடுவார்கள்.

இது வீண் பழி. மீன் குஞ்சைத் தின்னவில்லை. வாய்க்குள் வைத்துக் காப்பாற்றுகிறது. ஜிலேபியில் இந்த வேலையைச் செய்வது தாய். முட்டையை வாயில் வாரிக்கொண்டு, குஞ்சு பொரிந்து நீந்தும் வரை வாயைத் திறக்காமல் அலையும்.

தாய் செய்தால் அதிசயம் இல்லை என்று சொல்லலாம். அதே வேலையை அப்பன் செய்கிற மீனும் இருக்கிறது. அதை வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலேயே வளர்த்துக் குஞ்சு எடுக்கவும் முடியும். அதன் பெயர் பங்காய் கார்டினல்.

இது பற்றிய விவரம் வருமாறு:-

கோடு போட்ட சட்டை

பங்காய் கார்டினல் கடல் மீன். இந்தோனேசியாவில் சுலாவெசி தீவுக்குப் பக்கத்தில் உள்ள பங்காய் தீவுகள்தான் அதன் சொந்த ஊர். வளர்ந்த மீன் ஆள்காட்டி விரல் நீளம். வெள்ளி நிற உடம்பில் மூன்று கருப்புப் பட்டை, அதில் வெள்ளைப் புள்ளிகள், நீண்ட துடுப்புகள். தண்ணீரில் தொங்கவிட்ட மாதிரி அசையாமல் நிற்கும்.

1920-ல் ஒரு ஐரோப்பியர் இதைப் பிடித்துக் கொண்டுபோனார். 1933-ல் விஞ்ஞானிகள் பெயர் வைத்தார்கள். அதன் பிறகு அறுபது வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1994-ல் ஜெரால்டு ஆலன் என்ற மீன் ஆராய்ச்சியாளர் மறுபடியும் அதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். அன்றைக்குப் பிடித்தது சனி.

அழகே ஆபத்து!

அழகான மீன் என்று தெரிந்ததும் அமெரிக்காவும் ஐரோப்பாவும் கேட்டன. வலை போட்டு அள்ளினார்கள். 2000-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் வருஷத்துக்கு 6 லட்சம் முதல் 9 லட்சம் மீன் வரை பிடிபட்டதாக ஆராய்ச்சியாளர்கள் கணக்குச் சொன்னார்கள். அப்போது கடலில் இருந்த மொத்த மீனே சுமார் 24 லட்சம்தான் என்பது மதிப்பீடு.

மற்ற கடல் மீன்களின் முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தில் மிதந்து ஊர் ஊராகப் போகும். ஓரிடத்தில் அழிந்தால் இன்னொரு இடத்திலிருந்து வந்து நிரம்பும். பங்காய் மீனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அப்பன் வாயிலிருந்து இறங்கிய குஞ்சு அந்த இடத்திலேயே வாழ்ந்து அங்கேயே சாகும். ஒரு விரிகுடாவில் துடைத்து எடுத்தால் அங்கே கதை முடிந்தது.

2007-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழிவின் விளிம்பில் உள்ள மீன் பட்டியலில் சேர்த்தது. 2016-ல் அமெரிக்க அரசும் ஆபத்துக்குள்ளான மீன் என்று அறிவித்தது.

கர்நாடகக் கடலில் நடந்த கொடுமை

வாயில் குஞ்சு வைத்த மீனைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கடல் கெளுத்தியிலும் ஆண் மீன்தான் முட்டையை வாயில் சுமக்கும். முட்டை ஒவ்வொன்றும் கோலிக்குண்டு மாதிரி இருக்கும். 1970-களின் கடைசியிலும் 1980-களிலும் கர்நாடகக் கடற்கரையில் சுருக்கு வலைப் படகுகள் கெளுத்திக் கூட்டத்தை அப்படியே வளைத்து அள்ளின. படகுத் தட்டில் கெளுத்திகள் துள்ள, வாயிலிருந்த முட்டைகள் கொட்டி நாசமாயின. ஒரே வலையில் அப்பனும் போனான், வாரிசும் போச்சு. அதன் பிறகு அந்தக் கடலில் கெளுத்தி வரத்து படுத்துவிட்டது.

தொட்டியில் பிறந்த மீன்

எனவே இந்த மீனை வாங்குகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, இது கடல்ல பிடிச்சதா, தொட்டியில பொறந்ததா?"

தொட்டியில் பிறந்தது என்றால் நல்லது. கடலில் பிடித்த மீன் பல நாடு கடந்து வருவதற்குள் பாதி உயிர் போய்விடும். ஒருவித வைரஸ் நோயும் அதைத் தாக்குகிறது. இரையும் எடுக்காது. தொட்டியில் பிறந்ததோ வந்த மறுநாளே சாப்பிடும்.

கடல் மீனைத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைப்பது நம் ஊருக்குப் புதிய வித்தை அல்ல. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

மன்னார் வளைகுடாவிலும் கார்டினல் இன மீன்கள் உண்டு. அவற்றிலும் அப்பன்தான் வாயில் சுமப்பான். ஆனால் அவற்றின் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத பொடிசு. வீட்டில் வளர்ப்பது குதிரைக் கொம்பு. பங்காய் குஞ்சு வாயை விட்டு இறங்கும்போதே முக்கால் சென்டிமீட்டர் இருக்கும். அப்பனின் அச்சு அசல் நகல். அதனால்தான் வீட்டில் வளர்க்கத் தோதானது.

காளையார்கோவில் வெயிலில் முடியுமா?

மதுரை - தொண்டி சாலையில், கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஊரில் கடல் மீன் வளர்ப்பது கொஞ்சம் சிரமம்தான். ஆனால் முடியாதது இல்லை.

ஒரு ஜோடிக்குச் சுமார் 100 லிட்டர் தொட்டி போதும். கடல் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவர வேண்டாம். சுத்திகரித்த தண்ணீரில் இதற்கென்று விற்கும் கடல் உப்பைக் கலந்தால் போதும். போர் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது.

தொட்டியை வைத்த அன்றே மீனை விட்டால் செத்துப்போகும். கழிவை மாற்றும் நல்ல கிருமிகள் வளர ஒரு மாதம் பொறுக்க வேண்டும்.

தண்ணீரின் சூடு 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் இங்கே அது தாண்டிவிடும். தொட்டிக்கு மேலே ஒரு சின்ன மின்விசிறியை ஓடவிட்டால் சூடு இறங்கும். ஆனால் தண்ணீர் ஆவியாகிக் குறையும். அப்படிக் குறைந்ததை நல்ல தண்ணீர் ஊற்றித்தான் ஈடு செய்ய வேண்டும். ஆவியில் உப்பு போவதில்லை. மறுபடியும் உப்புத் தண்ணீர் ஊற்றினால் தொட்டி உப்பளம் ஆகிவிடும்.

கரண்டு போனால் காற்றுக்கு வழி வேண்டும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

பாறைக்கும் பவளத்துக்கும் ஆசைப்பட்டு ராமேசுவரம் பக்கம் கை வைக்கக் கூடாது. கடல் பவளத்தை எடுப்பதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கம்பி எண்ண வேண்டியிருக்கும்.

ஜோடி சேரும் சண்டை

ஆணையும் பெண்ணையும் பார்த்தவுடன் சொல்ல முடியாது. அதனால் சின்ன மீனாக ஐந்தாறு வாங்கி விடுவார்கள். வளர வளர இரண்டு மட்டும் ஒட்டிக்கொள்ளும். அவை ஜோடி சேர்ந்ததும் மற்றவற்றை மூலைக்கு மூலை துரத்தும். உடனே மற்றதைப் பிரித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் ஒவ்வொன்றாகக் கொலை விழும்.

கல்யாணப் பேச்சை ஆரம்பிப்பது பெரும்பாலும் பெண்தான். ஆணை ஓரம் கட்டி, உடம்பை நடுக்கிக் காட்டும். பிறகு ஆரஞ்சு நிறத்தில் ஒரு கொத்து முட்டை வெளியே வரும். கண் மூடித் திறப்பதற்குள் ஆண் அதை வாயில் கவ்விக்கொள்ளும். நாற்பது, ஐம்பது முட்டை இருக்கும். சில சமயம் அதற்கு மேலும் இருக்கும்.

அன்றிலிருந்து அப்பனுக்குச் சாப்பாடு கிடையாது. தாடை உப்பி, பொன்னுக்கு வீங்கி வந்த ஆள் மாதிரி மூலையில் நிற்கும். இரை போட்டாலும் திரும்பிப் பார்க்காது. சுமார் 20 நாளில் முட்டை பொரியும். அப்போதும் விடாது. மேலும் ஒரு வாரம், பத்து நாள் குஞ்சுகளை வாய்க்குள்ளேயே வைத்திருக்கும். ஆக, ஏறக்குறைய ஒரு மாதப் பட்டினி.

முதல் தடவை அப்பன் ஆகிற ஆண் பயந்துபோய் முட்டையை முழுங்கிவிடுவது உண்டு. அதற்காக மனம் தளரக் கூடாது. இரண்டாவது, மூன்றாவது தடவையில் பழகிவிடும். தொட்டியைத் தட்டுவது, வலையைப் போட்டுக் கலக்குவது, சொந்தக்காரரைக் கூட்டி வந்து வேடிக்கை காட்டுவது எல்லாம் இந்த மாதத்தில் ஆகாது.

குஞ்சு இறங்கும் நாள் நெருங்கியதும் ஆணைத் தனித் தொட்டிக்கு மாற்றலாம். வலையில் தூக்கினால் மிரண்டு துப்பிவிடும். தண்ணீரோடு ஒரு குவளையில் மொண்டு மாற்ற வேண்டும். குஞ்சு முழுவதும் இறங்கிய பிறகு அப்பனை எடுத்துவிட வேண்டும். ஒரு மாதம் பட்டினி கிடந்த வயிறு. பெற்ற பாசம் பசிக்கு முன்னால் நிற்காது.

துடைப்பக் குச்சியில் அடைக்கலம்

கடலில் இந்தக் குஞ்சுகள் கருப்பு முள்ளெலி என்ற கடல் பிராணியின் நீண்ட முட்களுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். எந்த எதிரியும் கிட்டே வர முடியாது. வீட்டுத் தொட்டியில் அதற்கு மாற்று உண்டு. பிளாஸ்டிக் துடைப்பக் குச்சிகளை ஒரு பந்தில் குத்தி வைத்தால் குஞ்சுகள் அதற்குள் போய் நிம்மதியாக நிற்கும்.

விளக்கைப் போட்டதும் விழுந்து சாகும்!

இனித்தான் பெரிய கண்டம். குஞ்சு நன்றாகச் சாப்பிடும், வளரும். இரண்டாவது வாரம் வாக்கில் ஒருநாள் காலையில் அறையில் விளக்கைப் போடுவார்கள். குஞ்சு ஒன்று சுழன்று, வாயைப் பிளந்து, அப்படியே விழுந்து செத்துவிடும். மறுநாள் இரண்டு. கதவு சாத்திய சத்தத்துக்கு மூன்று. நோய் இல்லை, காயம் இல்லை. தண்ணீரும் சுத்தம்.

இந்த மர்மச் சாவுக்குக் காரணம் சாப்பாடு!

குஞ்சுக்குக் கொடுக்கும் இரை ஆர்ட்டீமியா என்ற உப்பு நீர்ப் பூச்சி. அதன் முட்டை டப்பாவில் கிடைக்கிறது. சோடா பாட்டிலில் உப்புத் தண்ணீர் ஊற்றி, முட்டையைப் போட்டு, காற்றுக் குழாயை விட்டால் ஒரே நாளில் பொரியும். ஆனால் மீன் குஞ்சுக்கு வேண்டிய ஒருவகைக் கொழுப்புச் சத்து அதில் போதாது. வயிறு நிறையும், சத்து சேராது. நரம்பு தளர்ந்த குஞ்சு சின்ன அதிர்ச்சியைக்கூடத் தாங்காமல் சாகிறது.

பரிகாரம் எளிது. பொரித்த ஆர்ட்டீமியாவை அந்தச் சத்து மருந்து கலந்த தண்ணீரில் அரை நாள் ஊறவிட்டு, அலசி, பிறகு கொடுக்க வேண்டும். பூச்சி அதைத் தின்னும். பூச்சியைக் குஞ்சு தின்னும். விளக்கையும் பட்டென்று போடாமல், முதலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் காட்டுவது நல்லது.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை இரை கொடுத்து, அடியில் தேங்கும் அழுக்கை எடுத்து வந்தால் மூன்று மாதத்தில் குஞ்சு கைமாற்றும் அளவுக்கு வளரும். அப்படித் தொட்டியில் பிறக்கும் ஒவ்வொரு மீனும் பங்காய் கடலில் ஒரு மீனுக்கு விடுதலை வாங்கிக் கொடுக்கிறது.

கண்மாயில் விடாதீர்கள்!

மீன் வளர்த்துச் சலித்தவர்கள் செய்கிற ஒரு தவறு உண்டு. "பாவம், பொழச்சுப் போகட்டும்" என்று தொட்டி மீனைக் கண்மாயிலோ ஊருணியிலோ விட்டுவிடுகிறார்கள். கடல் மீன் என்றால் நல்ல தண்ணீரில் செத்துவிடும். நன்னீர் மீன் என்றால் இன்னும் ஆபத்து. பிழைத்துவிடும்!

அதற்குச் சாட்சி ஜிலேபிக் கெண்டைதான். அது நம் ஊர் மீன் அல்ல. பூர்வீகம் ஆப்பிரிக்கா. 1952-ல் வெளிநாட்டிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டு வரப்பட்டது. ஏழைக்கு மலிவாக மீன் கிடைக்கட்டும் என்பது நல்லெண்ணம். ஆனால் வாய்க்குள் குஞ்சைக் காப்பாற்றும் அந்த வித்தையாலேயே அது பெருகி, குளம் குட்டையெல்லாம் நிறைந்தது. உள்ளூர்க் கெண்டைகளுக்கு இடமும் இரையும் குறைந்தது.

ஒரே வித்தைதான். கண்மாயில் ஒரு மீன் அதை வைத்து ஊரையே வளைத்துப் போட்டது. பங்காயில் இன்னொரு மீனுக்கு அதுவே வினையாக முடிந்தது.

அடுத்த முறை கண்மாயில் ஜிலேபியின் வாயிலிருந்து குஞ்சு உதிர்ந்தால், "பெத்ததை முழுங்கிருச்சு" என்று யாராவது சொல்வார்கள். இல்லை என்று எடுத்துச் சொல்லலாம்.